கல்லாகிய அகலிகை

சாபத்தால் உருமாறியவர்களைப் பற்றிய கதைகள் எல்லா நாடுகளிலும் வழங்குகின்றன. ஓரிடத்தில் அரசிளங்குமரன் தவளையாகிறான். வேறோரிடத்தில் அழகிய இளைஞன் கொடிய விலங்காகிறான். பிறிதோரிடத்தில் மங்கை ஒருத்தி மரமாகிறாள். பெயரும் ஊரும் மாறினும் கதையின் போக்கு பெரிதும் மாறுவதில்லை. ஒருவர் சினந்து சபிக்கிறார், மற்றொருவர் அருள் கூர்ந்து தீண்டுகிறார், பழைய உருவம் மீள்கிறது, மணமுழவு ஒலிக்கிறது. சாபம் வந்த நாளும் அது நீங்கிய நாளும் விரிவாகப் பேசப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே கழிந்த நெடுங்காலத்தில் சாபம் பெற்ற உயிர் எதைக் கண்டது, எதை எண்ணியது என்று கேட்பவர் மிகச் சிலரே.

கிரிம் சகோதரர்கள் ஜெர்மானிய நாட்டுக் கதைகளைத் தொகுத்து 1812 இல் வெளியிட்ட நூலில் முதற்கதையாக நிற்பது தவளை அரசன் கதை. அரசிளங்குமரியின் பொற்பந்து கிணற்றில் விழுந்தபோதுதான் தவளை நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குமுன் அக்கிணற்றின் குளிர்ந்த நீரில் அது கழித்த நாள்கள் எத்தனை? கதை அதைச் சொல்லவில்லை. அழகியும் விலங்கும் என்னும் பிரெஞ்சுக் கதையின் வரலாறு இன்னும் வியப்புடையது. வில்நேவ் அம்மையார் 1740 இல் அதனை முதன்முதல் நீண்ட கதையாக எழுதியபோது, சாபம் நீங்கிய இளவரசன் தனக்கு நேர்ந்தவற்றைத் தானே நெடுநேரம் எடுத்துரைக்குமாறு அமைத்திருந்தார். பின்னர் போமோன் அம்மையார் அதனைச் சிறுவர்க்கென்று சுருக்கி 1756 இல் வெளியிட்டபோது, இளவரசன் உரைத்த அப்பகுதியையே நீக்கிவிட்டார். உலகெங்கும் பரவியது சுருங்கிய கதையே. சபிக்கப்பட்டவன் பேசிய பேச்சு ஏட்டளவில் நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் இவ்வகைக் கதைகளுள் எவரும் அறிந்தது அகலிகையின் கதையாகும். அக்கதையைத் தமிழில் சொன்னவர்களுள் இருவர் நடுநாட்டோடு தொடர்புடையவர். விழுப்புரத்திற்கு மேற்கே முகையூர், திருக்கோவலூர், திருவெண்ணெய்நல்லூர் என்று பெண்ணையாற்றுப் பக்கம் பரந்து கிடக்கும் நிலமே பழைய நடுநாட்டின் உள்ளிடம். முகையூருக்கு அண்மையிலுள்ள திருவெண்ணெய்நல்லூரைக் கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊராகக் கொள்வர். சோழநாட்டில் அப்பெயருடைய வேறோர் ஊரே வள்ளலின் ஊர் என்று வாதிடுவோரும் உளர். எவ்வாறாயினும், முகையூர்ப் பக்கத்து மக்கள் கம்பரைத் தம்மவராகவே போற்றி வருகின்றனர். மற்றொருவர் இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்தவர். முகையூருக்கு வடக்கே செஞ்சியிலும், வடகிழக்கே திண்டிவனத்திலும் பள்ளிச் சிறுவராய்ப் பயின்றவர். அவரே புதுமைப்பித்தன். கம்பர் கண்ட அகலிகையும் புதுமைப்பித்தன் கண்ட அகலிகையும் ஒருத்தியே; ஆனால் இருவரும் நின்று கண்ட இடம் வேறு.

கதை பழமையானது. கௌதம முனிவரின் மனைவி அகலிகை. அவளுடைய அழகில் மயங்கிய இந்திரன், முனிவர் ஆற்றுக்குச் சென்ற வேளையில் அவருடைய வடிவம் கொண்டு ஆசிரமத்துள் புகுந்து வஞ்சனை செய்தான். உண்மை உணர்ந்து மீண்ட முனிவர் இருவரையும் சபித்தார். பின்பு விசுவாமித்திரரோடு மிதிலைக்குச் செல்லும் வழியில் இராமன் அங்கு வர, அகலிகையின் சாபம் நீங்கியது.

வால்மீகி முனிவர் இதனைக் கூறும்போது அகலிகை கல்லாகவில்லை என்பதைப் பலர் அறியார். அவள் எவர் கண்ணுக்கும் புலப்படாதவளாய், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். இராமனும் இலக்குவனும் ஆசிரமத்துள் புகுந்ததும் அவள் உருவம் வெளிப்படுகிறது. அப்போது அரசகுமாரர் இருவரும் அவளுடைய அடிகளைத் தொட்டு வணங்குகின்றனர்.

கல்லுருவம் தமிழர்க்குச் சங்க காலத்திலேயே அறிமுகமானது. பரிபாடலின் 19 ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்றைக் காட்டுகிறது. வழிபட வந்தோர் சுவரோவியங்களைப் பார்த்து, இது யார், அது யார் என்று வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். பூனையாய் நழுவும் இந்திரன், அகலிகை, சினம் கொண்ட கௌதமர், கல்லாகிய கோலம் ஆகிய அனைத்தும் அங்கே தீட்டப்பட்டிருந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அவ்வாறே பலரும் அகலிகையைச் சுட்டிக்காட்டிக் கடந்து சென்றிருக்கின்றனர். ஓவியத்தில் இருப்பவளோ சுட்டப்படுபவள். அவள் யாரையும் சுட்டுவதில்லை.

கம்பர் அவள்பால் மிகுந்த இரக்கம் காட்டுகிறார். சாபம் விழுந்த அப்பொழுதே அகலிகை முனிவரை வணங்கி, பிழையைப் பொறுத்து இச்சாபத்திற்கு ஒரு முடிவு கூறவேண்டும் என்று இரக்கிறாள். இராமனுடைய அடித்துகள் பட்டவுடன் கல் பெண்ணாகிறது. இராமன் அவளை அன்னை என்றே விளித்து விடை தருகிறான். உள்ளத்தால் பிழை செய்யாதவள் இவள், ஏற்றுக்கொள்க என்று விசுவாமித்திரர் கௌதமரிடம் கூறுகிறார். ஒரு குற்றத்தை உடலளவில் நிறுத்தி உள்ளத்தைத் தனியே எடுத்துக் காத்த பெருந்தன்மை கம்பருடையது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. விடுதலை பெற்ற அகலிகை அடிபணிந்து போகிறாள். அவ்விடத்தில் அவள் பேசிய சொல் ஒன்றேனும் நம் செவியில் விழுவதில்லை. அவளுக்காக முனிவர் பேசுகிறார், இராமன் பேசுகிறான். கல் பெண்ணானது, பெண் வாய் திறக்கவில்லை.

இந்திரனுக்கு நேர்ந்ததையும் இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். அவனும் சபிக்கப்பட்டான், உடலெங்கும் இழிவின் அடையாளங்கள் தோன்றின. தேவர்கள் திரண்டு வேண்ட, அவ்வடையாளங்கள் ஆயிரம் கண்களாக மாறின. வஞ்சனை செய்தவன் ஆயிரங்கண்ணோன் என்னும் புகழ்ப்பெயர் பெற்று விண்ணுலகு சென்றான். வஞ்சிக்கப்பட்டவள் இருந்த இரு கண்ணையும் இழந்து வழியோரத்தில் கிடந்தாள். அவளுக்காகத் தேவர் எவரும் திரளவில்லை.

சாபம் பெற்றவளே வாய் திறந்து பேசிய இடம் தமிழில் இல்லாமல் இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை அத்தகையவள். அவள் வித்தியாதரப் பெண்; கணவனோடு பொதிய மலைக்கு வந்தவள். அங்கே விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறையே பழுக்கும் நாவற்கனி ஒன்றைத் தேக்கிலையில் வைத்துவிட்டு நீராடச் சென்றிருந்தார். பனம்பழம் போல் பருத்த கனி அது. பன்னிரண்டு ஆண்டு நோன்பிருந்து அதனை உண்பது அவர் வழக்கம். காயசண்டிகை அறியாது அதனைக் காலால் மிதித்துச் சிதைத்தாள். பன்னிரண்டு ஆண்டுகள் நீயும் பசியால் வருந்துக என்று முனிவர் சபித்தார். எவ்வளவு உண்டாலும் அடங்காத ஆனைத்தீ என்னும் பெரும்பசி அவளைப் பற்றியது. வான்வழி செல்லும் மந்திரமும் மறந்துபோயிற்று. கணவன் காயும் கனியும் கிழங்கும் கொணர்ந்து குவித்தும் பயனில்லை. ஈகையாளர் மிகுந்த புகார் நகருக்கு அவளை அனுப்பிவிட்டு, ஆண்டுதோறும் இந்திர விழாவில் வந்து கண்டு, எஞ்சிய ஆண்டுகளை எண்ணி வருந்திச் செல்வான்.

இவற்றையெல்லாம் ஆசிரியர் சாத்தனார் தாம் கூறவில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட ஒருபிடிச் சோற்றால் பசி தீர்ந்த காயசண்டிகையே தன் வாயால் கூறுகிறாள். சாபமிட்ட முனிவரின் சினம் அவள் சொல்லில் ஒரு நொடியில் முடிகிறது, பசியோ நீள்கிறது. துன்புற்றவர் கதை சொல்லும்போது காலத்தின் அளவே மாறிவிடுகிறது. அவள் கதையில் மற்றொன்றும் உண்டு. பசி தீர்ந்து வானில் எழுந்து தன் ஊர் நோக்கிச் சென்றவள் வீடு சேரவில்லை. விந்திய மலைமேல் எவரும் பறத்தலாகாது என்பதை மறந்து அதன் மேலே செல்ல, அம்மலையைக் காக்கும் விந்தாகடிகை அவளைப் பற்றி விழுங்கினாள். பன்னிரண்டு ஆண்டு எண்ணிக் காத்திருந்த கணவன் புகாருக்கு வந்து தேடியபோது, மனைவி அங்கில்லை. சாபம் நீங்கிய பின்னும் துன்பம் நீளலாம் என்பதைச் சாத்தனார் ஒளிக்காமல் கூறினார்.

ஆயினும் அகலிகை கல்லாகவே, பிறர் பேசும் பொருளாகவே, பல நூற்றாண்டுகள் இருந்துவிட்டாள்.

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 இல் கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் அரசுப் பணியில் இருந்தமையால் குடும்பம் ஊர் ஊராக மாறியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களில் அவருடைய தொடக்கக் கல்வி நடைபெற்றது. பின்னர்க் குடும்பம் சொந்த நாடாகிய திருநெல்வேலிக்குத் திரும்பியது. பட்டம் பெற்றபின் எழுத்தையே தொழிலாகக் கொண்டு சென்னை சென்றார். வறுமையும் நோயும் வாட்ட, 1948 இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42. சிறுகதையுலகில் அவர் விட்டுச்சென்ற இடம் மிகப் பெரிது.

அவர் அகலிகையை இருமுறை எழுதினார். முதற்கதை 1934 இல் வெளிவந்தது. அதில் சாபமே இல்லை, கல்லும் இல்லை. நேர்ந்ததை அறிந்த கௌதமர், உள்ளம் தூயதாயின் போதும் என்று மனைவியைத் தேற்றுகிறார். இளமையின் எழுச்சியில் எழுதப்பட்ட விடை அது. அவ்விடை அவருக்கே நிறைவளிக்கவில்லை போலும். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1943 இல், கலைமகள் இதழில் 'சாபவிமோசனம்' என்னும் கதையை எழுதினார். இராமாயணத்தில் ஊறியவர்களுக்கு இக்கதை பிடிக்காமற் போகலாம் என்பதை உணர்ந்தே, அதனை முன்குறிப்பாகவும் சேர்த்தார்.

கல் என்றால் உள்ளீடற்றது என்று எண்ணுவது நம் இயல்பு. திண்டிவனத்திற்குத் தெற்கே திருவக்கரை என்னும் ஊரில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை பண்டு மடிந்த அசுரரின் எலும்புகள் என்று ஊரார் கதை கூறுவர். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள் அவை என்று நிலவியலார் கூறுவர். நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளில் மெல்ல மெல்லப் படிந்து, மரம் இருந்த இடமெல்லாம் கல் நிரம்பியது. வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் இன்றும் தெரிகின்றன, கணுக்களும் தெரிகின்றன. கல்லாகியும் மரம் தன் வாழ்நாளை மறக்கவில்லை. புதுமைப்பித்தனின் அகலிகையும் அத்தகையவள்.

கதை சாலையோரத்துக் கற்சிலை ஒன்றில் தொடங்குகிறது. சற்றுத் தொலைவில் கௌதமர் தவத்தில் அமர்ந்திருக்கிறார். அவரைப் புற்று மூடியிருக்கிறது. சபிக்கப்பட்டவள் மட்டுமன்று, சபித்தவரும் அசைவற்றுப் போனார் என்பது ஆசிரியர் காணும் முதற்காட்சி. இராமனும் இலக்குவனும் விளையாடும் பிள்ளைகளாய் ஓடிவருகின்றனர். அடித்துகள் சிலைமேல் படுகிறது. அகலிகை உயிர் பெறுகிறாள். புற்று உடைந்து முனிவரும் எழுகிறார். மற்றைய கதைகள் எல்லாம் முடியும் இந்த இடத்தில்தான் இக்கதை தொடங்குகிறது.

கதையைச் சொல்பவர் ஆசிரியரே எனினும், அவர் பெரும்பாலும் அகலிகையின் உள்ளத்துள் நின்றே உலகைக் காண்கிறார். அவள் கண்ணுக்கு உலகம் பழைய உலகமாக இல்லை. யார் எதைச் சொன்னாலும் அச்சொல்லுக்குள் வேறு பொருள் மறைந்திருக்கிறதோ என்று துருவுகிறாள். கணவர் இயல்பாகப் பேசும் சொல்லையும் மனத்துள் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். எதிரே வரும் ஆடவர் முகமெல்லாம் இந்திரன் முகமாகத் தோன்ற, அஞ்சி ஒடுங்குகிறாள். கௌதமரும் நிம்மதியாக இல்லை. அன்று நாவை அடக்காமற் போனேனே என்னும் எண்ணம் அவரை அரிக்கிறது. அவர் அவள்மீது குறை கொள்ளவில்லை; அன்பே கொண்டிருக்கிறார். ஆயினும் ஒருவரை ஒருவர் புண்படுத்திவிடுவோமோ என்று இருவரும் சொல்லை எடைபோட்டு வாழ்கின்றனர். இவர்களுடைய இல்லறத்தைக் காட்டும் பகுதியே இக்கதையின் உயிர்ப்பகுதி. பூசலும் இல்லை, கண்ணீரும் மிகுதியாக இல்லை. அச்சம் மட்டும் வீட்டில் ஓர் ஆளைப்போல் குடியிருக்கிறது.

ஊரார் நடத்தையும் துணை செய்யவில்லை. ஒருநாள் ஆற்றுக்குச் சென்றபோது எதிரே வந்த முனிபத்தினிகள், அகலிகை வருகிறாள் என்று அறிந்ததும் ஒதுங்கி விலகுகின்றனர். சாபம் தீர்ந்தும் பழி தீரவில்லையே என்று அவள் மனம் விம்முகிறது. இராமனுடைய அடியே தீண்டித் தூய்மை செய்தவளை, நீராடச் செல்லும் பெண்கள் தூய்மையற்றவளாகக் கருதினர். தெய்வம் மன்னித்ததை ஊர் மன்னிக்கவில்லை.

அவளுக்கு ஆறுதலாக இருந்தவர்கள் இராமனும் சீதையுமே. அவர்கள் வந்து பேசியிருக்கும் பொழுதில் அவள் நெஞ்சிலுள்ள பாரம் குறைகிறது. அவர்கள் காடு செல்ல நேர்ந்ததும் முனிவரும் அகலிகையும் ஊர்விட்டு நீங்கித் தலயாத்திரை செய்கின்றனர். பதினான்கு ஆண்டுகள் கழிகின்றன. முடிசூடிய இராமன் சீதையோடு அவர்களைக் காண வருகிறான். ஆடவர் இருவரும் வெளியே செல்ல, பெண்கள் இருவரும் தனித்திருக்கின்றனர். இலங்கையில் பட்ட துன்பத்தையும், பின்பு தீக்குளித்ததையும் சீதை சிரித்தவாறே சொல்கிறாள். அகலிகை துணுக்குறுகிறாள். அவன் கேட்டானா, நீ ஏன் அதற்கு இசைந்தாய் என்று வினவுகிறாள். உலகத்திற்கு மெய்ப்பிக்க வேண்டாவோ என்பது சீதையின் விடை. உள்ளம் அறிந்தது போதாதா, உலகிற்கு எதை மெய்ப்பித்துவிட முடியும் என்று அகலிகை மனம் கொதிக்கிறது. தன்னைக் குற்றமற்றவள் என்று ஏற்ற ஒருவனே தன் மனைவியைத் தீயில் இறங்கச் செய்தான் என்றால், தான் பெற்ற விடுதலைக்கு என்ன பொருள்? கல்லாய்க் கிடந்தவள் அன்றி வேறு எவராலும் இவ்வினாவை இத்துணைக் கூர்மையோடு கேட்டிருக்க முடியாது.

இராமன் பெருமைக்கு இது இழுக்கு என்று இக்கதையைக் கடிந்தோர் உளர். அகலிகைப் படலத்தில் விடையின்றிக் கிடந்த மௌனத்திற்குக் கிடைத்த பேச்சு என்று பாராட்டியோரும் உளர். கதையைக் கூர்ந்து கற்போர்க்கு ஒன்று தெளிவாகும். இங்கே வசை மிகுதியாக இல்லை. கௌதமர் நல்லவர், இராமன் அன்புடையவன், சீதை அமைதியானவள். கைகேயி கூட இக்கதையில் வருந்தி மெலிந்த ஒரு மூதாட்டியாகவே வருகிறாள். கொடியவர் என்று சுட்டத்தக்கவர் எவரும் அருகில் இல்லாதபோதே அகலிகை உடைகிறாள்.

சீதை சென்றபின் வீடு இருண்டு கிடக்கிறது. தனிமையைப் போக்க ஒரு குழந்தை வேண்டும் என்று கௌதமர் எண்ணி, மனைவியை அன்போடு அணைக்கிறார். அவள் கண்ணில் அவர் கௌதமராகத் தெரியவில்லை; கௌதமர் வடிவில் வந்த இந்திரனாகத் தெரிகிறார். பல்லாண்டுக்கு முன் நிகழ்ந்தது அவளுக்கு அன்று மீண்டும் நிகழ்கிறது. அவள் நெஞ்சு இறுகுகிறது, உடலும் இறுகுகிறது. கௌதமரின் கையகத்தே இருப்பது கற்சிலை.

முதன்முறை கல்லானபோது சாபமிட்டவர் ஒருவர் இருந்தார்; சாபத்திற்கு ஓர் எல்லையும் இருந்தது. இரண்டாம்முறை சபித்தவர் எவரும் இல்லை. ஆகவே, யார் வந்தால் நீங்கும் என்று கூறுவாரும் இல்லை. கௌதமர் துறவுக்கோலம் பூண்டு, கைலைமலை நோக்கித் தனியே நடந்து செல்கிறார்.